சந்தாவா, கிராக்கா, கட்டற்ற மென்பொருளா: ஓர் அச்சகக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே, திருமணப் பத்திரிகை அடிக்கும் சிறு கடை நடத்துகிறேன். வசதியில்லாதவர் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்து இலவசமாக்கிய, மென்பொருளைப் பயன்படுத்துவது முறையா என்ற கேள்வி எனக்கு அன்றாடக் கேள்வி. நான் தொழில் கற்றதே அப்படிப்பட்ட ஒரு போட்டோஷாப் பிரதியில்தான். ஆகவே சந்தா கட்டுவது, கிராக் பிரதியை வைத்துக்கொள்வது, யாரும் இலவசமாகப் பயன்படுத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவது என்று முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும், எந்த வழியில் யாருக்கு நட்டம் என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

பட்டறையிலிருந்து ஒரு ஜோடி கொலுசை எடுத்தால் அது பட்டறைக்காரருக்கு இல்லாமல் போய்விடுகிறது; மென்பொருளை நகலெடுத்தால் நிறுவனத்திடம் இருப்பது அப்படியே இருக்கிறது; வாங்கவே முடியாத மாணவரால் அதற்கு விற்பனை இழப்பும் இல்லை. கிராக் பிரதிக்குச் சொல்லப்படும் இந்த நியாயத்தை, கற்பவரைப் பொறுத்தவரை நான் மறுக்க மாட்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் கற்பவருக்கும் அதை வைத்துச் சம்பாதிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கிறது. திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் ஆதாயத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லையென்றால், சிறையின்றி 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம். குற்றம் குற்றம்தான், எடைதான் வேறு.

நான் கூலி வாங்கத் தொடங்கிய நாளில் அந்த எடை மாறியது. அப்போது நட்டப்பட்டது எங்கோ இருக்கும் நிறுவனம் என்பதைவிட, அடுத்த தெருவில் முறையாக உரிமம் வாங்கித் தொழில் செய்தவர் என்றே சொல்வேன். அவர் தம் செலவைப் பத்திரிகை விலையில் ஏற்றியாக வேண்டும். எனக்கு அந்தச் செலவே இல்லாததால் நூறு பத்திரிகைக்கு இவ்வளவு என்று குறைத்துச் சொல்லி அவருடைய வாடிக்கையாளரை இழுத்தேன். இதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கிராக் கோப்போடு வந்த வைரஸ் ஒருமுறை வைகாசி முகூர்த்த வேலைகளை அழித்தது அதைவிடச் சிறிய பாடம்.

சந்தா நேர்மையான வழி. சின்னக் கடைக்குப் பொருந்தாத வழியும்கூட. போட்டோஷாப்பை விற்கும் அடோபி நிறுவனம் 2013இல் கிரியேட்டிவ் கிளவுடு என்ற சந்தா முறைக்கு மாறியபின், ஒருமுறை வாங்கிப் பத்தாண்டு ஓட்டும் வசதி புதிய பதிப்புகளுக்கு இல்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டணம் குறையும். ஆனால் தையிலும் ஆவணியிலும் வேலை குவிந்து, ஆடியிலும் மார்கழியிலும் கடை காலியாகக் கிடக்கும் தொழிலுக்கு எல்லா மாதமும் ஒரே தொகை என்பது சுமை.

கட்டற்ற மென்பொருளைத்தான் நாம் சரியாகப் பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டோம். 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் அடித்த தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. அச்சகங்களில் பக்கம் வடிவமைக்கப் பழகிப்போன பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியானது, அதற்கு யூனிகோடே தெரியாது. அதை விடாமல் வைத்திருந்ததால்தான் நம்முடைய பழைய கோப்புகள் எல்லாம் தனித்தனி எழுத்துருக் குறியீட்டில் சிக்கிக் கிடக்கின்றன. நகலெடுத்துப் பிறருக்குக் கொடுப்பதும் இங்கே உரிமை. கற்க வரும் பிள்ளைக்கு மனச்சங்கடமில்லாமல் பென்டிரைவில் போட்டுத் தரலாம். குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆப்செட் அச்சுக்கு நான்கு மை வண்ணங்களுக்கும் தனித்தனிப் பிளேட் பிரிக்க, படம் திருத்தும் ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் போதுமான துணையல்ல, ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும், கோரல்டிரா என்ற விலை மென்பொருளில் செய்த கோப்பு பல வேளை கலைந்தே திறக்கிறது. புதிதாகப் பழக எங்கள் ஆபரேட்டருக்கு ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. அந்த மாதத்துக் கூலியும் செலவுதான்.

ஆகவே கற்பவர் கட்டற்ற மென்பொருளில் தொடங்குவதே நல்லது என்றும், கற்கும் காலத்தில் கிராக் பிரதியைத் தொட்டவரை நான் பழிக்க மாட்டேன் என்றும், அதை வைத்துச் சம்பாதிப்பதற்கு மட்டும் நியாயமே இல்லை என்றும் முடிவுக்கு வந்திருக்கிறேன். இப்போது என் கடையின் மூன்று கணினிகளில் இரண்டு இங்க்ஸ்கேப்பில் ஓடுகின்றன. வண்ணம் பிரிக்கும் ஒன்றுக்கு மட்டும் சந்தா கட்டுகிறேன். நூறு பத்திரிகைக்கு நான் சொல்லும் விலையும் அடுத்த தெருக்காரர் சொல்லும் விலையும் இன்று ஏறக்குறைய ஒன்றுதான். ஆடி மாதத்தில் அந்தச் சந்தாவைக் கட்டுவது இன்னும் கடினமாகவே இருக்கிறது.