நின் பின் படகுச் சவாரி: தாம் கோக்கா, டிராங் ஆனா?

திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகரத்துக்கு நேர் விமானம் வந்ததிலிருந்து, மன்னார்குடியில் எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பம் வியட்நாம் போய்விட்டு வந்துவிட்டது. கிளம்புகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஹனோய்க்குத் தெற்கே 95 கிலோமீட்டரில் இருக்கிற நின் பின்னில் எந்தப் படகில் ஏறுவது? தாம் கோக், டிராங் ஆன் இரண்டுமே 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒரே பகுதிக்குள் வருபவை, இரண்டிலும் சுண்ணாம்புக்கல் மலை, குகை, துடுப்புப் படகு. நான், மனைவி, அம்மா, சித்தி என நான்கு பேர் அடுத்தடுத்த நாளில் இரண்டிலும் போனோம்.

அழகு மட்டும்தான் கணக்கு என்றால் நம்மைப் போன்ற ஆற்றுப்பாசனத்துக்காரர்களுக்குத் தாம் கோக்தான். இரண்டு பக்கமும் மலையடி வரைக்கும் நெல், நடுவில் ஆறு. மேட்டூர் திறக்குமா என்று நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜூன் தொடக்கத்தில் அங்கே கதிர் முற்றி மஞ்சளாக நிற்கிறது. சித்தி கையை நீட்டித் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். படகோட்டும் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து காலாலேயே துடுப்பு போடுகிறார்கள், பார்க்க அவ்வளவு லாவகம்.

மூன்றாவது குகையைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. அங்கேதான் படகு திரும்ப வேண்டும், அங்கேயே பானமும் பழமும் அடுக்கிய வியாபாரப் படகுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நமக்கு வேண்டாம் என்றால் படகோட்டும் பெண்ணைக் காட்டி, "இவருக்காவது வாங்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். அம்மா உடனே இளகிவிட்டார்: "பாவம், வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கா, வாங்கிக் குடுப்பா." இரண்டு டின்னும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினோம். படகோட்டிய பெண் எதையும் பிரிக்காமல் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டார், கரை வந்ததும் அப்படியே ஒரு கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. வெயிலில் வருபவருக்கு என்று கொடுத்தது அவர் தொண்டையில் இறங்கவே இல்லை என்பதுதான் அம்மாவுக்கு வருத்தம். திரும்பும் வழியில் அவரே பெட்டி திறந்து பூவேலை செய்த மேசை விரிப்புகள், வேண்டாம் என்றால் அடுத்தது, அதற்கும் வேண்டாம் என்றால் இன்னொன்று. பாதி ஆற்றில் இறங்கிப் போகவும் முடியாது. அப்புறம் டிப்ஸ். வழியில் நம்மைக் கேட்காமல் எடுத்த போட்டோவைக் கரையில் பிரேம் போட்டு நீட்டுகிறவர் தனி. இங்கே ஒரு படகுக்கு வெளிநாட்டினர் இரண்டு பேர்தான் என்பதால் எங்களுக்கு இரண்டு படகு, எல்லாச் செலவும் இரட்டிப்பு. பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார், அந்த "எல்லாம்" சீட்டோடு முடிந்துவிட்டது.

டிராங் ஆனில் சீட்டு 2,50,000 டாங், நம் பணத்தில் 800 ரூபாய்க்கு மேல். ஒரு படகில் நான்கு பேர், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஆற்றில் வியாபாரப் படகே கிடையாது, அனுமதிப்பதில்லை. இருந்த அமைதியில் அம்மா பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வழித்தடத்தில் ஒன்பது குகை, அதில் இருட்டுக் குகை 320 மீட்டர் நீளம், பாறை தலையில் இடிக்காமல் குனிந்தே வர வேண்டும். கோயில்களில் இறங்கினால் படி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்கள் படகிலேயே இருந்துவிடலாம். வயல் கிடையாது, அதுதான் குறை. இறங்கும்போது இங்கேயும் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், ஆனால் யாரும் மறித்துக் கேட்கவில்லை.

பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் டிராங் ஆன்தான் சொல்வேன். தாம் கோக் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்மூரில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல அங்கே ஊர்க்காரர்கள் படகுக்கு முறை வைத்து ஓட்டுகிறார்கள், முறை வரும் நாளில் நாலு காசு பார்க்க நினைப்பதில் தப்பில்லை. அதனால் அங்கே போனால் பானம், விரிப்பு எதுவும் வாங்காமல், ஏறும்போதே ஒரு தொகையை மனசில் வைத்துக்கொண்டு கரையில் அவர் கையிலேயே கொடுங்கள். நாங்கள் படகுக்கு 1,00,000 டாங் கொடுத்தோம், 300 ரூபாய்க்கு மேல் வரும். அதைச் சில்லறையாக முன்பே தனிப் பையில் வையுங்கள், ஏனென்றால் 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம், அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒரே நொடியில் 1,500 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

வயலை மட்டும் பார்த்தால் போதும், படகு வேண்டாம் என்கிறவர்களுக்கு ஹாங் முவா குன்று இருக்கிறது. சீட்டு 1,00,000 டாங், ஏறக்குறைய 500 படி. உச்சியில் நின்றால் தாம் கோக் ஆறும் நெல்லும் காலடியில் விரிந்து கிடக்கும். அம்மாவும் சித்தியும் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள், நாங்கள் ஏறி எடுத்த படத்தைத்தான் சித்தி இன்னமும் போனில் வைத்து வருகிறவர்களிடம் காட்டுகிறார்.