அரபியில் நிரல் எழுதுவது: ஹெடியும் பைத்தானும் நீண்ட நாள் பயன்பாட்டில்

ஆங்கிலம் சரளமாக வராத அரபு மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும்போது, கட்டளைச் சொற்களை மொழிபெயர்ப்பதுதான் சுலபம். தினமும் மண்டையைக் குடைவது எழுத்து ஓடும் திசையும் எண்களும் நிறுத்தக்குறிகளும்தான்.

தொடங்குபவர்களுக்கு ஹெடி நல்ல தேர்வு. நெதர்லாந்தின் ஃபெலியன் ஹெர்மன்ஸ் 2020-ல் வெளியிட்ட இம்மொழி உலாவியிலேயே ஓடும். படிப்படியாகப் பைத்தான் என்ற பரவலான நிரலாக்க மொழியின் இலக்கணத்துக்கு அழைத்துச் செல்லும். கட்டளைகளை அரபியிலேயே எழுதலாம், ஆங்கிலச் சொல் கலந்தாலும் ஏற்கும். கெய்ரோவில் புழங்கும் அரபு எண்களையும் (٠-٩) மொரோக்கோவில் புழங்கும் 0-9 எண்களையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அதன் அருமை பைத்தானுக்கு மாறும்போதுதான் புரியும்.

பைத்தான் 3-ல் மாறிகளுக்கு (மதிப்பைச் சேமிக்கும் பெயர்களுக்கு) அரபுப் பெயர் வைக்கலாம். ஆனால் நிரலுக்குள் அரபு எண்ணை நேரடியாக எழுதினால் இலக்கணப் பிழை. பயனர் தட்டச்சிடும் அரபு எண்ணையோ, உரையை முழு எண்ணாக்கும் 'இன்ட்' கட்டளை சரியாகவே மாற்றித்தரும். இந்த முரண் மாணவர்களை நிறையவே குழப்பும். ஆங்கில விசைப்பலகைக்கு மாறாக, விண்டோஸின் அரபு விசைப்பலகையில் ஷிஃப்ட்+9 மூடும் அடைப்புக்குறியைத் தரும். அடைப்புக்குறிப் பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

திசைச் சிக்கல் இன்னும் மோசம். 'சீன் = 5 - எக்ஸ்' என்ற வரியில் சீன் அரபு எழுத்து, எக்ஸ் ஆங்கில எழுத்து என்றால், யூனிகோடு (கணினி எழுத்துக் குறியீட்டுத் தரம்) வகுத்த இருதிசை விதிப்படி திரையில் '5 = சீன் - எக்ஸ்' என்று தெரியும். கோப்பில் எல்லாம் சரியாகவே இருக்கும், கண்தான் ஏமாறும். (இடமிருந்து வலமாக ஓடும் தமிழில் அமைந்த 'எழில்' மொழிக்கு இந்தத் தொல்லை கிடையாது.) சந்தேகம் வந்தால் 'பைத்தான் -எம் டோக்கனைஸ்' கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள், உண்மையான வரிசையில், வரிக்கு ஒன்றாக எல்லாக் கூறுகளையும் அச்சிடும். ஒரே வரியில் இரு எழுத்துமுறைப் பெயர்களைக் கலக்காமல், கணக்கை இரண்டு வரியாகப் பிரிப்பது இன்னும் நல்லது.

பெயர் கிடைக்கவில்லை என்ற பிழை பெரும்பாலும் எழுத்து வடிவத்தால் வரும். ஹம்ஸா என்ற சிறு குறி உள்ள அலிஃபும் (அரபியின் முதல் எழுத்து) அது இல்லாத அலிஃபும் பைத்தானுக்கு வெவ்வேறு எழுத்துகள். அன்றாட எழுத்தில் பலரும் ஹம்ஸாவை விட்டுவிடுவார்கள். சொல்லை நீட்டி அழகுபடுத்தும் தத்வீல் (யூனிகோடு 0640) இடையில் இருந்தாலும் பெயர் மாறிவிடும். ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கப் பைத்தான் செய்யும் யூனிகோடு சீராக்கம் இவை எதையும் ஒன்றாக்காது. எனவே மாறிப் பெயர்களில் ஹம்ஸா, தத்வீல், உயிர்க்குறிகள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே தவிர்க்கப் பழக்குங்கள்.