கசியும் பெரிய மீன் தொட்டிக்கு எந்த சீலன்ட்?

ஆறடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர் நீர் பிடிக்கும். அந்த நீர் முன்பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை மட்டும் சுமார் 340 கிலோ எடைக்கு ஈடாகும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதால், அதில் முக்கால் பங்கு கண்ணாடியின் கீழ்ப்பாதியில் விழுகிறது. எனவே சிறிய தொட்டியில் எப்படியோ நின்றுவிடும் ஒட்டுவேலை, பெரிய தொட்டியில் நிற்கும் என்று நம்ப இடமில்லை. கடையில் கிடைக்கும் சீலன்டுகளை, அதாவது இடுக்கை அடைத்துக் கசிவை நிறுத்தும் பசைகளை, எடைபோட மூன்று கேள்விகள் போதும்: நாள் முழுதும் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் கண்ணாடியைப் பிடித்திருக்குமா, கண்ணாடி இலேசாகப் புடைக்கும்போது கூடவே இழுபடுமா, மீனுக்குக் கேடு செய்யுமா?

இம்மூன்றுக்கும் ஒருசேர ஈடுகொடுப்பது அசிட்டாக்ஸி வகைச் சிலிக்கான். டியூபின் முனையை வெட்டியதும் மூக்கில் ஏறும் வினிகர் வாடைதான் இதன் அடையாளம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. முழுதும் இறுகி, கழுவிவிட்ட பிறகு மீனுக்கு ஊறு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. தூய கண்ணாடியில் பிரைமர் என்னும் முன்பூச்சு எதுவும் இல்லாமலே கெட்டியாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் வினிகர் வாடையை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கப்படும் சிலிக்கான்களில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருப்பது வழக்கம்; அசிட்டாக்ஸி வகையிலும் அத்தகைய டியூபுகள் உண்டு. பூஞ்சையைக் கொல்லச் சேர்த்த மருந்து மீனையும் இறாலையும் விட்டுவைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே டியூபில் மீன் தொட்டிக்கானது என்று தெளிவாக அச்சிட்டிருப்பதை வாங்குவதே நல்லது; பெரிய தொட்டியாக இருந்தால் எவ்வளவு கொள்ளளவு வரை ஏற்றது என்ற வரியையும் படித்துவிட வேண்டும்.

அடுத்த போட்டியாளர் நியூட்ரல் சிலிக்கான். இதில் அமில வாடை இல்லை. ஆக்சிம் அல்லது ஆல்கஹால் வெளியேறி இறுகும். கட்டடங்களின் கண்ணாடி முகப்புகளைத் தாங்குபவை பெரும்பாலும் இவ்வகையே என்பதால் வலிமையைப் பற்றிய ஐயம் வேண்டியதில்லை, இழுபடும் தன்மையும் தாராளம். ஆனால் கட்டட வேலைக்கானவற்றில் பலவற்றின் தயாரிப்பாளர் தரும் குறிப்புத் தாளிலேயே, தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருக்கும். வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். நியூட்ரல் தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு. சென்னைக் கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வளர்ப்போரிடம் காணப்படும் சிமென்ட் தொட்டியில் முன்பக்கம் மட்டும் கண்ணாடி பதித்திருந்தால், அசிட்டாக்ஸியின் அமிலம் சிமென்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். அங்கே நியூட்ரலைத் தவிர வேறு சிலிக்கானை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலியூரிதேன் சீலன்டைக் கண்ணாடித் தொட்டிக்கு எண்ணவே வேண்டாம். கண்ணாடி வழியே ஊடுருவும் வெயிலில் அதன் பிடிப்பு நாளடைவில் தளர்ந்துபோகும். எம்.எஸ். பாலிமர் எனப்படும் கலப்பின வகை ஈரப் பரப்பிலும் ஒட்டும் என்பதால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றும் வரை கசிவை அடக்கிவைக்க உதவலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எபாக்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எது ஒழுகினாலும் எம்-சீலைத் தேடுவது நமக்குக் கைவந்த பழக்கம். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அப்பினால் குழாய்க் கசிவு நிற்பது உண்மைதான். ஆனால் இறுகிய எபாக்சி கல்லைப் போன்றது, இழுபடாது. நீர் ஏறும்போது கண்ணாடி மில்லிமீட்டர் கணக்கில் புடைத்தாலே, வழுவழுப்பான பரப்பிலிருந்து அது பெயர்ந்து வந்துவிடும். சிமென்ட் தொட்டியின் விரிசலுக்கும், நீர் வெளியேறும் குழாய்ப் பொருத்துக்கும் எபாக்சி தகும்; கண்ணாடி ஓரத்துக்குத் தகாது. தொட்டியே அக்ரிலிக்காக இருந்தால் மேற்கண்ட எதுவுமே சரிவராது. அக்ரிலிக்கைச் சிலிக்கான் உறுதியாகப் பிடிப்பதில்லை; பரப்பைக் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான் பசைதான் அங்கே வேண்டும்.

எந்த டியூபை வாங்கினாலும், அதைப் பழைய சிலிக்கானின் மேல் பூசினால் பணம் வீண். புதிதாக வெட்டிய சிலிக்கான் பரப்பில் புதுச் சிலிக்கான் ஓரளவு ஒட்டலாம்; ஆண்டுக்கணக்கில் நீரும் பாசியும் ஊறிய பட்டையின் மேல் அது வெறும் தோலாகத்தான் நிற்கும். கசியும் மூலையை மட்டும் சுரண்டினால், பழையதும் புதியதும் சேரும் இடம் அடுத்த கசிவாகும். எனவே தொட்டியின் உள் ஓரங்களில் பூசியிருக்கும் உட்புறப் பட்டை முழுவதையும் பிளேடால் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் கொண்டு துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சியிருக்கிறதா என்று அறிய, ஓரத்தில் கொஞ்சம் நீரைத் தடவிப் பார்க்கலாம்: தூய கண்ணாடியில் நீர் பரவும், சிலிக்கான் படிந்த இடத்தில் முத்து முத்தாகத் திரளும். சோதித்த பின் நன்றாக உலரவிட்டு, மறுபடி ஆல்கஹாலால் துடைத்துவிட்டே பூச வேண்டும்.

உட்புறப் பட்டை வெறும் காப்பு. தொட்டியைத் தாங்குவது இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள சிலிக்கான். வெளியிலிருந்து பார்க்கும்போது அந்த இடுக்கில் வெள்ளை நிறக் கொப்புளங்களோ, ஓரத்திலிருந்து உள்ளே நீளும் பிரிவோ தெரிந்தால், உட்பட்டையை மாற்றுவது போதாது. அந்தக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். அந்த வேலையைத் தொட்டி கட்டிப் பழகியவரிடம் கொடுப்பதே மேல்.

மேற்சொன்ன ஆறடித் தொட்டியின் உள் ஓரங்களைக் கூட்டினால் 7.3 மீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டர் அகல முக்கோணப் பட்டைக்கு ஏறத்தாழ 365 மி.லி. தேவைப்படும்; 280 மி.லி. டியூப் இரண்டு வாங்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது, பழைய டியூப் பிசுபிசுப்பாகவே நின்றுவிடலாம்.

24 மணி நேரத்தில் நீர் நிரப்பலாம் என்று டியூபில் எழுதியிருப்பது மெல்லிய பட்டைக்கான கணக்கு. முதல் நாளில் 2 முதல் 3 மி.மீ. ஆழம் இறுகும், ஆழம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மேற்படி பட்டையின் உள்மூலை, மேற்பரப்பிலிருந்து சுமார் 7 மி.மீ. ஆழத்தில் இருப்பதால், ஒரு வாரம் என்பது குறைந்தபட்சக் காத்திருப்பு. முடிந்தால் இரண்டு வாரம் விடலாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்குத் துணை செய்யும், குளிரூட்டிய அறையின் வறண்ட காற்று தாமதப்படுத்தும். அதன்பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று நிறுத்தி நிறுத்தி நிரப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நாள் விட்டு, தொட்டியைச் சுற்றி விரித்த செய்தித்தாள் நனையவில்லை என்பதைப் பார்த்த பின்னரே மேலே நிரப்ப வேண்டும்.