'பேண்ட் 4 உறுதி' என்று பணம் வாங்கும் ஆங்கில வகுப்பு: பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கடைவரிசை மாடி ஒன்றில் இயங்கும் ஓர் ஆங்கில மையம், 'ஒரே மாதத்தில் இலக்கணம், மூவெட் தேர்வில் பேண்ட் 4 உறுதி' என்று தமிழிலேயே விளம்பரம் செய்து, வேலைக்குப் போகும் நம்மவர்களிடம் 1,800 ரிங்கிட் வாங்குகிறது. மூவெட் என்பது மலேசியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு; பேண்ட் என்பது அதில் கிடைக்கும் தர நிலை. அங்கே பணம் கட்டிப் படித்தவன் என்ற முறையில், அந்தப் பணத்துக்கு எனக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதுகிறேன். பணத்தைத் திரும்பக் கேட்டு நான் கொடுத்த கோரிக்கை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் வரை படித்தவன். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை. ஆங்கிலத்தில் வரும் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை. பதில் எழுதும்போதுதான் 'எ', 'தி' எங்கே வரும், எந்த இறந்தகால வடிவம் பொருந்தும் என்பதில் தடுமாற்றம். தமிழிலும் மலாயிலும் அந்த 'எ', 'தி' கிடையாது. மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதும் இல்லை. நம்மில் பலருக்கு இதே இடங்களில்தான் பிழை வருகிறது. பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க மூவெட் தேவைப்பட்டதால் சேர்ந்தேன்.

முதலில் கொடுத்த பயிற்சித்தாள்களே சந்தேகத்தைக் கிளப்பின. விடைப்பட்டியலில் 'ஐ ஹேவ் மெட் தி மேனேஜர் யெஸ்டர்டே' என்ற வாக்கியம் சரி என்று அச்சிடப்பட்டிருந்தது. நேற்று என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹேவ்' வராது, 'ஐ மெட்' என்றே எழுத வேண்டும் என்பது எந்த அடிப்படை இலக்கண நூலிலும் இருக்கும் விதி. அடுத்த பக்கத்திலேயே 'ஹி சஜெஸ்டட் மீ டு அப்ளை' என்ற பிழையான வாக்கியத்துக்கும் சரி என்று குறியிட்டிருந்தார்கள். ஆசிரியரிடம் கேட்டபோது, "மலேசியாவுல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க, பரீட்சையில அதெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்றார். பேச்சு வழக்கு எப்படி இருந்தாலும், பிழையைத் திருத்திக்கொள்ள வந்தவனிடம் அதையே சரியென்று படிக்கச் சொல்வதற்குக் கட்டணம் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

கட்டுரைத் திருத்தம் இன்னும் மோசம். 2021 முதல் மூவெட் எழுத்துத் தாளில் 100 சொற்களுக்குக் குறையாத ஒரு கடிதமோ மின்னஞ்சலோ, 250 சொற்களுக்குக் குறையாத ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. ஆகவே, நாம் எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்து, இங்கே ஏன் பிழை என்று சொல்வதுதான் இத்தகைய வகுப்பின் உயிர். எனக்குத் திரும்பி வந்த கட்டுரையிலோ, கடைசியில் ஒரு சிவப்புச் சரிக்குறியும் 'குட்' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. முதல் பத்தியில் எழுவாய் பன்மையாகவும் வினை ஒருமையாகவும் இருந்த வரியை, அதைப் பிறகு நானே கண்டுபிடித்தேன், யாரும் தொடவே இல்லை.

பாதியில் ஆசிரியர் வரவில்லை. கேட்டால், "அண்ணே, சார் லீவுல இருக்காரு, குரூப்புல மெசேஜ் போடுறோம்" என்று முகப்பில் இருந்த பெண் சொன்னார். பிறகு இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி இணையவழிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூவெட் தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். அதன் மதிப்பெண்ணை வெளியே இருக்கும் எந்த மையமும் உறுதி செய்ய இயலாது. பேண்ட் 4 என்பது சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோலில் பி2 நிலை, அதாவது பி1க்கு அடுத்த படி. பி1 நிலையை எட்ட மொத்தம் 350 முதல் 400 மணி நேரமும், பி2 நிலையை எட்ட 500 முதல் 600 மணி நேரமும் வழிகாட்டலுடன் கூடிய படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத்துறை கூறும் பொதுக்கணக்கு. இவர்கள் விற்றது 24 மணி நேரம். முடிவில் 'சிஇஎஃப்ஆர் சான்றிதழ்' தருவதாகவும் சொன்னார்கள். சிஇஎஃப்ஆர் என்பது ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட வெறும் அளவுகோல். அம்மன்றம் அப்படிச் சான்றிதழ் எதையும் வழங்குவதில்லை, தனியார் மையங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் இல்லை. மையமே அச்சடித்துத் தரும் அந்தத் தாளைப் பல்கலைக்கழகத்தில் காட்டி என்ன பயன்?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'கட்டணம் திரும்பத் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்ய இடமளிக்கிறது. மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டையும், ஏற்கெனவே பெற்ற சேவைக்கும் பொருளுக்கும் உரிய தொகையையும் மட்டுமே அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. தனியார் கல்வி நிலையங்கள் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், புதிதாகச் சேர நினைப்பவர்கள் அந்தப் பதிவுச் சான்றிதழையும், ஆசிரியர் திருத்திய பழைய கட்டுரை ஒன்றையும் முதலில் கேட்டுப் பாருங்கள், கட்டணம் பிறகு.

இதே மையத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று, வகுப்பு அட்டவணை, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நான் புகார் கொடுத்த பிறகு 'பேண்ட் 4 உறுதி' என்ற வரி அவர்களுடைய முகநூல் விளம்பரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது; பழைய விளம்பரப் படம் கைப்பேசியில் இருந்தால் தயவுசெய்து அதை அழித்துவிட வேண்டாம்.