தரவரிசையா, தொழுவப் பள்ளியா? பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்த இரு கூட்டு முயற்சிகள்

நெதர்லாந்தில் 2000களின் நடுவில், பல மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி பன்றி வளர்ப்போரிடமே காணப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பண்ணையாளர் அமைப்புகளும் கால்நடை மருத்துவர்களும் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க 2008இல் அரசுடன் உடன்பாட்டுக்கு வந்தனர். ஒவ்வொரு பண்ணையும் ஒரே கால்நடை மருத்துவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள, 2010இல் தொடங்கப்பட்ட ஒரு சுயேச்சை அமைப்பு பண்ணைவாரியாக மருந்துக் கணக்கை ஒப்பிட்டு, அளவு மீறியவர் யார் என்பதை அவருக்கே காட்டுகிறது. அதிகமாக எழுதித்தரும் மருத்துவரும் அந்த ஒப்பீட்டுக்குத் தப்புவதில்லை. 2009 முதல் 2019 வரை கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனை ஏறத்தாழ 70% சரிந்தது.

டென்மார்க்கின் இயற்கைமுறைப் பால் பண்ணையாளர்கள் 2004 வாக்கில் தொடங்கிய ‘தொழுவப் பள்ளி’ இதற்கு நேர்மாறானது. 1989இல் இந்தோனேசிய நெல் விவசாயிகளிடம் தொடங்கி, நம் ஊரிலும் நடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிதான் அதன் வேர். ஐந்தாறு பண்ணையாளர்கள் முறைவைத்து ஒருவர் தொழுவத்தில் மற்றவர்கள் கூடுவார்கள். அன்றைக்கு விருந்தளிப்பவர் தமக்குக் கைகூடிய ஒன்றையும் தம்மை வாட்டும் இரண்டு சிக்கல்களையும் முன்வைப்பார். படுக்கையின் ஈரம், மடி துடைக்கும் முறை, கன்று ஈனும் கொட்டிலின் வைக்கோல் என எல்லாவற்றையும், நாள்தோறும் அதே வேலையைச் செய்பவர்களின் கண்கள் பார்க்கும். நெறியாளர் பேச்சை நடத்துவாரே தவிர அறிவுரை சொல்லமாட்டார். இதில் சேர்ந்த 23 மந்தைகளில், ஆண்டுக்கு 100 பசுக்களுக்கு 20 என்றிருந்த மடிநோய்ச் சிகிச்சை 10 ஆகக் குறைந்தது; மடியில் தொற்று இருப்பதைக் காட்டும் பாலின் உடற்செல் எண்ணிக்கையும் பெரிதாக மாறவில்லை.

இரண்டில் எது மேல் என்றால், நாடு முழுவதற்கும் நெதர்லாந்தின் கணக்கையே முதலில் வைப்பேன்; விரும்பி வந்த 23 பேரின் வெற்றியை, வர விரும்பாத ஆயிரக்கணக்கானோர் மீது ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் மடிநோய் போல அன்றாடப் பராமரிப்பில் வேர்கொண்ட நோய்க்கு, எண் ‘எவ்வளவு’ என்று சொல்லுமே அன்றி ‘ஏன்’ என்று சொல்லாது. அதைச் சக பண்ணையாளரின் கண்தான் கண்டுபிடிக்கும்.

இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பண்ணைகள் நெதர்லாந்திலேயே பின்தங்கி நிற்கின்றன. பிறந்து சில வாரமே ஆன கன்றுகள் பல பண்ணைகளிலிருந்து திரட்டப்பட்டு ஓரிடத்தில் கலக்கும்போது நோயும் கூடவே வந்துவிடுகிறது. அங்கே கன்றை விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே மேசையில் அமர்த்தினாலொழிய, தரவரிசையும் தொழுவப் பள்ளியும் பாதி வேலையே செய்யும்.