உயரத்தைக் கேட்டா எழுதுவது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை நடந்த இலவச எடைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். இடுப்பளவு எடுத்த பெண் மூச்சை விடச் சொல்லி, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவை வைத்தார், அருமை. உயரத்தை மட்டும் அளக்காமல், கேட்டு எழுதிக்கொண்டார்கள். பழைய நினைவில் 162 செ.மீ. என்றேன். எடை 64 கிலோ; எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு 24.4 என்றார்கள். வீட்டுச் சுவரோரம் நிறுத்தி மகள் அளந்தாள்: 158. குறியீடு 25.6! இந்தியர்களுக்கு 25 என்றாலே உடல் பருமன் ஆயிற்றே.

ஊரில் எத்தனை பேருக்குப் பருமன் என்று கணக்கிடத்தான் இந்த முகாமாம். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள்தானா ஊர்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் அளந்தார்கள். புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 46 சதவீதத்தினர் அதிக எடையுடன் இருந்தார்கள். அடுத்த முறை உயரம் அளக்கும் கோலோடு முத்தியால்பேட்டைத் தெருக்களுக்கும் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.