மாரியில் வாங்கிய கிற்றார், கச்சானில் கையைக் கிழிக்கும்

திருகோணமலையில் விலை குறைந்த அக்கூஸ்டிக் கிற்றார் வாங்கப் போகிறவர்கள் அவதானம். ரவுணில் ஒரு கடையில் தை மாதம் விற்ற கிற்றார் இது. ஆனி வர நெக்கின் (விரல் வைக்கும் நீண்ட கைப்பிடியின்) இரண்டு ஓரமும் அரம் மாதிரி ஆகிவிட்டது, ஐந்தாம் பிரெற்றில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றில்) அழுத்தினால் கரகரப்பு. கடையில் கிடைத்த பதில், "கை பழகினாச் சரியாயிடும் தம்பி." பிறகு 'செற்றப்' என்று காசு வாங்கினார்கள். சேடிலை (ஒலிப்பெட்டியில் கம்பிகளைத் தாங்கும் துண்டை) கழற்றிப் பார்த்தால், கம்பியை உயர்த்த அடியில் மடித்த மட்டை!

கம்பியை உயர்த்தினால் கரகரப்பு மறையும்தான். ஆனால் 12ஆம் பிரெற்றிலிருந்து கம்பி இப்போது 4 மி.மீ.க்கும் கூடுதலான உயரத்தில் நிற்கிறது. தடித்த கம்பிக்கு 2.5, மெல்லியதற்கு 2 போதும். அவ்வளவு தூரம் அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும்.

ஓரம் குத்துவது பிரெற் பதித்த பலகை சுருங்கியதால். சரியாகக் காயாத மரத்தில் பிரெற் அடித்திருந்தால் மாரி ஈரத்தில் ஒன்றும் தெரியாது. வறண்ட கச்சான் காற்று அடிக்க மரம் சுருங்கும், உலோகம் அப்படியே நிற்கும். சின்ன அரத்தால் நுனிகளைச் சரித்து ராவி, 600ஆம் நம்பர் எமரித் தாள் போட்டால் முடிந்தது. கச்சான் காலத்திலேயே ராவுங்கள்.

கரகரப்புத்தான் பெரிய வியாதி. பிரெற்றின் அடிநாக்கில் சின்ன முட்கள் உண்டு. பலகையில் வெட்டிய பள்ளம் அகலமாகிவிட்டால் முள் பிடிக்காது, பிரெற் கிளம்பிவிடும். நுனிக்கு அடியில் A4 தாளைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் பிழை. பழைய பிளாஸ்டிக் அட்டையின் நேர் விளிம்பை மூன்று பிரெற்றின் மேல் வையுங்கள். ஆடினால் நடுப் பிரெற் உயரம். ஒலிப்பெட்டிப் பக்கம் போகப் போகப் பிரெற்றுகள் நெருங்குவதால் அட்டையைக் குறுக்கிக்கொள்ள வேண்டும், நாலாவதில் பட்டால் கணக்குப் பிழைக்கும்.

உயரமாக இருக்கிறதே என்று உடனே ராவ விடாதீர்கள் (பல இடங்களில் செய்வது அதைத்தான்). கிளம்பிய பிரெற்றை ராவிவிட்டு, பிறகு அது உள்ளே இறங்கினால் பள்ளமாகி, அடுத்த பிரெற்றில் கம்பி அடிக்கும். முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி இறக்கி, தண்ணிப் பதமான சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, கிளாம்ப் போட்டுக் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அரம்.

கடையில் வாசித்துக் காட்டுவதெல்லாம் முதல் மூன்று பிரெற்றோடு நின்றுவிடும். ஆறு கம்பியையும் கடைசிப் பிரெற் வரை ஒவ்வொன்றாக நீங்களே அழுத்திக் கேளுங்கள். பிரெற் பிழையென்றால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதப் பஞ்சிப்பட்டால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.